தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது

கட்டம் சிவந்தது.
மொத்தம் நூறு ஆகவில்லை, சரிபார்க்கவும்.

சேர்மதுரை, பேச்சிக்கனி, இசக்கிராஜ்.
தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே நாலாவது சந்து,
தாய் விட்டுப்போன ஓர் அறை,
நூற்றெண்பது சதுர அடி.
ஒன்பது வருஷம் மூன்று வக்கீல்களுக்குத் தின்னக் கொடுத்து
கடைசியில் ஒரே வார்த்தைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்:
சமம்.

சயான் ஜெராக்ஸ் கடையில் படிவம் நிரப்புகிறவள் நான்.
படிவத்தில் ஹிஸ்ஸா என்றொரு பத்தி.
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்,
மூன்றாவதற்கு இடமில்லை.
முப்பத்துமூன்று புள்ளி மூன்று மூன்று.
மூன்று தடவை அடித்தேன்.
மேலே தகரத்தில் ஜூலை மழை
அதே எண்ணை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு பை மூணுன்னு போடேன்" என்றாள் பேச்சிக்கனி.
போட்டேன். சாய்கோடு செல்லாதாம்.
எண்கள் மட்டும்.
ஒன்றின் கீழ் மூன்று எண் இல்லையென்றால் வேறென்ன?
திரையிடம் கேட்டு யார் ஜெயித்தார்கள்.

மாட்டுங்காவில் வாங்கிய வாய்ப்பாட்டின் பின்னட்டை
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.
முக்கால் எழுபத்தைந்தில் நின்றுவிடும்.
அரைக்கால் பன்னிரண்டரையில்.
வீசம் ஆறேகாலில்.
முந்திரிகூட, முந்நூற்றிருபதில் ஒன்று,
தட்டுத்தடுமாறிப் புள்ளிக்குப் பின்
ஆறாம் படியில் உட்கார்ந்துவிடும்.
(இம்மியை நான் சோதிக்கவில்லை.)
நிற்கிறவற்றுக்குத்தான் பெயர் வைத்தார்களோ என்னவோ.
மூன்றிலொன்றுக்கு அட்டையில் பெயரே இல்லை.
வீடு வந்து சேராத ஆளை
எப்படிக் கூப்பிடுவது?

போன வருஷம் ஆண்டாப் ஹில்லிலிருந்து ஏழு பங்காளிகள் வந்தார்கள்.
பதினான்கு புள்ளி இரண்டு எட்டு, ஏழு தடவை.
நூற்றிலொன்றாக நாலு துணுக்கு மிச்சம்.
நாலு பேருக்கு உண்டு, மூன்று பேருக்குக் கிடையாது.
அன்று உடைந்த நாற்காலியை இன்னும் மாற்றவில்லை.

அதனால் ஸ்டேப்ளரை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னேன்:
ஒருத்தருக்கு மட்டும் முப்பத்துமூன்று புள்ளி மூன்று நாலு
போட்டே ஆகணும். யாருக்கு?

"அண்ணனுக்குப் போடு."
"எனக்கெதுக்கு? நாளைக்கு அதுக்கும் ஒரு பேச்சு வரும். கனிக்குப் போடு."
"கூட ஒண்ணும் வேண்டாம்.
சமம்னுதானே கையெழுத்துப் போட்டோம்?"
சின்னவன் போனில் பெருக்கிப் பார்த்தான்:
"புள்ளி பூஜ்யம் ஒண்ணு எட்டு சதுர அடி."
"அது எம்புட்டுல?"

விரலை ஈரமாக்கி மேஜையில் ஒரு கட்டம் வரைந்தான்.
ஒரு தீப்பெட்டி படுத்தால் சரியாக இருக்கும்.

மூவரும் குனிந்து அதையே பார்த்தார்கள்.
வக்கீலுக்கு எழுதிய காசோலைகளை,
வாசலில் தொங்கிய இரண்டாவது பூட்டை,
அம்மாவின் பதினாறாம் நாளுக்கு
தனித்தனியாக மூன்று இடத்தில் இலை போட்டதை
அந்த ஈரத்துக்குள் வைத்துப் பார்த்தார்களா,
எனக்குத் தெரியாது.
சேர்மதுரைக்குச் சிரிப்பு வந்தது,
பாதியில் இருமலாகிவிட்டது.
பேச்சிக்கனி தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள்,
முகத்தைப் பார்க்காமல்.
அதற்குள் கட்டம் காய்ந்திருந்தது.

"கோடு எந்த வரியில் நிக்குதோ அங்கேயே போடு தாயி."
கர்சர் ஒரு பெயருக்கு எதிரே துடித்துக்கொண்டிருந்தது.
நாலு அடித்தேன்.
பச்சை.

யார் பெயர் என்று மூவரும் கேட்கவில்லை.
அச்சில் இருக்கிறது,
தேவைப்படுகிற அன்று பார்த்துக்கொள்வார்கள்.

கூலி ஐம்பது ரூபாய்.
ஆளுக்குப் பதினேழு என்று எண்ணி வைத்தார்கள்,
பத்து ரூபாய்த் தாளும் சில்லறையுமாக.
கூட்டிப் பார்த்து மிச்சத்தைக் கொடுக்க நிமிர்ந்தபோது
மழைக்குள் இறங்கிவிட்டிருந்தார்கள்,
குடை ஒன்றுதான்.

அந்த ஒரு ரூபாய்
இன்னும் கல்லாவுக்கு வெளியேதான் இருக்கிறது.
எந்தப் பெயரில் வரவு வைப்பது?